செல்லாயி இறக்கிய கள்

போன வாரம் சுபாங் ஜெயாவில் மகள் வீட்டில் விருந்து. வெளிநாடு போய்வந்த மாப்பிள்ளை ஒயின் போத்தல் ஒன்றைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கைகளாலும் தூக்கிவந்து மேசைமேல் வைத்தார். கூடவே அச்சடித்த தாள் ஒன்று. அதைப் பார்த்துப் பார்த்து விளக்கினார். ஒரே குடும்பத்தின் திராட்சைத் தோட்டமாம். அப்பன், பிள்ளைகள், மருமகள்கள் எல்லாருமே அதில் பாடுபடுகிறார்களாம். சாற்றில் எதையும் கலக்கமாட்டார்களாம். முந்தின வருஷம் மழை கூடிப்போனதால் ருசி கொஞ்சம் மட்டம், இந்த வருஷம் வெயில் காய்ந்து அருமையாக வந்திருக்கிறதாம்.

"இந்த மாதிரி ஒரு குடும்பத்தை எனக்கும் தெரியும்," என்றேன்.

"எங்க, மாமா? ஃபிரான்ஸ்லயா?"

"கிள்ளான்லப்பா. கள்ளு."

எல்லாரும் சிரித்தார்கள். மகள் மட்டும் என்னை முறைத்தாள். சம்பந்தி வீட்டார் எதிரில், இளவயதில் நான் கள்ளுக்கடைக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த கதையை எடுத்துவிடுவேனோ என்று அவளுக்குப் பயம். நான் எடுக்கவில்லை. மாப்பிள்ளை ஊற்றிய அந்தச் சிவப்புத் தண்ணீரை நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளாசை ஓரமாக வைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் பிடிக்கவில்லை. செல்லாயியின் ஞாபகம் வந்துவிட்டது. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் முறைக்கமாட்டீர்கள்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சியில், ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் எல்லாம் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். வேலையில்லாதவர்களை இலவசமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் எனக்கு ஒரு வேலை கிடைத்ததே பெரிய காரியம். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் என் அம்மா, "பையன் கிள்ளான்ல கவர்மெண்டு உத்தியோகம்," என்று சொல்லிவைத்திருந்தாள். அதில் பொய் ஒன்றுமில்லை. கடைக்கு லைசென்ஸ் கொடுத்தது கவர்மெண்டுதான். என்ன உத்தியோகம் என்று யாராவது மேலே கேட்டால் மட்டும் அம்மாவுக்கு அடுப்பில் பால் பொங்கும் ஞாபகம் வந்துவிடும்.

கடை என்றால் தகரக் கூரை, கம்பி போட்ட ஜன்னல், வெளியே வரிசையாக மரப்பெஞ்சு. மதியம்தான் திறப்போம். காலையில் தோப்புகளிலிருந்து கள் வரும். கண்ணாடிக் குழல் ஒன்றை அதில் மிதக்கவிட்டு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்து, துணியில் வடிகட்டிப் பீப்பாயில் ஊற்றுவது என் வேலை. நான் குடிப்பவன் இல்லை. மிட்டாய்க் கடைக்காரனுக்கு மிட்டாய் கசக்கும் என்பார்களே, அந்தக் கதைதான். ஆனால் மூக்கு தேர்ந்துவிட்டது. தூரத்தில் வரும் தகர டின்னைத் திறக்காமலே யார் தோப்புக் கள் என்று சொல்லிவிடுவேன்.

கடைக்குக் கள் தந்த தோப்புகளில் சண்முகம் வீட்டுத் தோப்பு தனி. கிள்ளானுக்கும் துறைமுகத்துக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டி இருந்தது. சண்முகம், அவன் தம்பி முருகையா, இரண்டு பேருக்கும் பொதுச்சொத்து. அண்ணன் மரமேறுவான். தம்பி காவடித் தண்டில் டின்களைத் தொங்கவிட்டுக் கடைக்குச் சுமந்து வருவான், ஆள் குறைந்த நாளில் அவனும் ஏறுவான். அண்ணன் மனைவி செல்லாயி முட்டிகளைப் பார்த்துக்கொள்வாள். தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை. செல்லாயிக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவ்வளவுதான் குடும்பம்.

மரத்தில் கட்டும் சின்ன மண்பானையைத்தான் முட்டி என்பார்கள். தென்னம்பாளை விரிவதற்கு முன்பே அதை நாரால் இறுகக் கட்டி, மரக்கட்டையால் மெல்லத் தட்டித் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிவிட்டால் சொட்டுச் சொட்டாக வடியும். அதை ஏந்தத்தான் முட்டி. மற்ற தோப்புக்காரர்கள் முதல் நாள் கள்ளின் மண்டியைக் கொஞ்சம் அடியில் விட்டுவிட்டு அதே முட்டியைத் திரும்பக் கட்டுவார்கள். அந்த மண்டி பட்டதும் புதுக்கள் சீக்கிரமே புளித்து, தலைக்கு ஏறும்படி ஆகிவிடும். கூலி ஆட்களுக்கு அதுதான் பிடிக்கும் என்பது அவர்கள் கணக்கு. செல்லாயியிடம் அது நடக்காது. ஒவ்வொரு முட்டியையும் தேய்த்துக் கழுவி, தேங்காய் மட்டையைக் கொளுத்தி அந்தப் புகைமேல் கவிழ்த்துவைத்து, உள்ளே விரலை விட்டு மோந்து பார்த்த பிறகுதான் புருஷன் கையில் கொடுப்பாள். அவர்கள் கள்ளில் லேசான புகை வாசமும் இளநீர்ப் பதமும் இருக்கும். காலைக் கள்ளை மாலைக் கள்ளோடு சேர்க்கமாட்டார்கள். கேட்டால், "அது வேற, இது வேற," என்பான் சண்முகம். அவன் அதற்கு மேல் பேசி நான் கேட்டதில்லை.

மாப்பிள்ளையின் தாளில் வருஷக் கணக்கு எழுதியிருந்ததே, அந்த மாதிரி நானும் எழுதலாம். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டது. முட்டிக்கு மூடியாகக் கமுகமட்டை கட்டியும் தண்ணீர் இறங்கிவிட்டது. என் கண்ணாடிக் குழல் அந்தக் கள்ளில் முங்கிக் குளித்தது. அடுத்த வருஷம் வறட்சி. கள் குறைவு, ஆனால் பால்போல் திக்காக, வாயில் ஒட்டும். துறைமுகத்துக் கூலி ராக்கன் அதைக் குடித்துவிட்டு, "இதைத் தின்னணும்டா, குடிக்கக் கூடாது," என்றான். அதற்கடுத்தது ரப்பர் விலை அடிமட்டத்துக்கே விழுந்த வருஷம். வெயிலும் மழையும் அளந்து வைத்ததுபோல் வந்தன. அந்தத் தோப்பு அப்படி ஒரு கள்ளை அதற்கு முன் தந்ததில்லை. ஆனால் வாங்கிக் குடிக்க ஆள்தான் பாதியாகிப் போனது.

அந்த வருஷம்தான் அது நடந்தது.

ஒரு நாள் காலை முருகையா வெறுங்கையோடு வந்தான். தோளில் தண்டு இல்லை, தலையில் துண்டும் இல்லை. "அண்ணன் போயிட்டாரு கிராணி," என்றான். முந்தின நாள் சாயங்காலம் மரத்திலிருந்து கால் நழுவி விழுந்திருக்கிறான். கோழி கூவும் நேரத்துக்கு உயிர் போய்விட்டது. முருகையா மேலே சொன்னான். "கருமாதி முடியுற வரைக்கும் நாங்க கத்தியத் தொடக்கூடாது. பதினாறு நாளு. பெரிய கிராணிகிட்ட சொல்லிடுங்க. அதுக்கப்புறம் ஊருக்குப் போறதுதான் எங்களுக்கு நல்லது. இங்க என்ன இருக்கு?"

தென்னையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கள்ளுக்கு விட்ட பாளையைக் காலையும் மாலையும் சீவியே ஆகவேண்டும். ஓரிரு நாள் விட்டால் வாய் அடைத்துக் காய்ந்துவிடும். அப்புறம் புதுப்பாளை வந்து, அதைக் கட்டி, தட்டிப் பதப்படுத்த மாதக்கணக்கில் ஆகும். பதினாறு நாள் கத்தி படாவிட்டால் அந்தத் தோப்பின் கதை முடிந்தது. அத்தனை நாள் கள் தராத தோப்பை எங்கள் கடை வைத்துக்கொள்ளாது, வேறு ஆளைப் பார்க்கும். வேலையும் இல்லை, ஆண்துணையும் இல்லை என்றால் செல்லாயியையும் குழந்தைகளையும் கப்பலேற்றிவிடுவார்கள். அவளோ ரவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், கூலிகளின் லய வீட்டில் பிறந்தவள். இந்தியாவைப் பார்த்ததே கிடையாது.

சரி, இன்றைக்கு அந்தத் தோப்புக் கள் இல்லை என்று முடிவுகட்டிக்கொண்டு மற்ற டின்களை வடிகட்டிக்கொண்டிருந்தேன். வெயில் ஏறிய நேரம். வாசலில் தண்டு இறங்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்குமுன்பே அந்தப் புகை வாசம் வந்துவிட்டது.

செல்லாயி நின்றுகொண்டிருந்தாள். சேலையை ஆம்பிளை மாதிரி தார்பாய்ச்சிக் கட்டியிருந்தாள். இரண்டு முழங்காலுக்குக் கீழும் தோல் உரிந்து ரத்தம் கோடு கோடாகக் காய்ந்திருந்தது. கழுத்தில் தாலி இருந்தது, இன்னும் கழற்றவில்லை. பக்கத்தில் சண்முகத்தின் டின்கள்.

"யாரும்மா சீவினது?" என்றேன். கேள்வியே எனக்கு அபத்தமாக இருந்தது.

"நாந்தாங்க."

"நீயா? மரத்துல ஏறினியா?"

"கீழேருந்து எத்தன வருசமா அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கேன். எல்லா மரமும் முடியலைங்க. ஏற முடிஞ்ச குட்டை மரம் மட்டுந்தான். மிச்சத்த பொழுதுசாய ஏறணும்."

"சண்முகம்..."

"வீட்ல கெடத்தியிருக்கு. குளிப்பாட்ட ஆளுங்க இனிமேதான் வரணும்." டின்னை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள். "அவரு செத்தது மரத்துக்குத் தெரியாதுங்க."

நான் அந்த டின்னைத் திறந்தேன். கள் வெள்ளைவெளேரென்று, மண்டி துளியும் இல்லாமல் இருந்தது. அவள் சேலையிலும் புதுப்புகை அடித்தது, அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. மறுபடி கட்ட முட்டிகளைக் கழுவியிருக்கிறாள். புகையும் காட்டியிருக்கிறாள். சாவு வீட்டில் பிணம் கிடக்கும்போது அடுப்பு எரியக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் கஞ்சி கொண்டுவந்து தருவார்கள். அந்த வீட்டுக் கொல்லையில் இவள் மட்டையைக் கொளுத்திப் புகை போட்டிருக்கிறாள்! அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாரும் அந்தப் புகையைப் பார்த்திருப்பார்கள். என்ன பெண் இவள் என்று நினைத்தேன். மனசில் கோபமா, மரியாதையா, அருவருப்பா என்று எனக்கே பிடிபடவில்லை. கள்ளைப் பீப்பாயில் ஊற்றும்போது பாதி தரையில் சிந்தியது.

"சிந்தாதீங்க," என்றாள். அதட்டவில்லை, கெஞ்சினாள்.

மதியம் கடை திறந்தபோது விஷயம் ஆட்களுக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. புருஷன் பிணம் வாசலில் கிடக்க, பொண்டாட்டி மரமேறினாளாம். ராக்கன் தலையில் அடித்துக்கொண்டான். "பொம்பளையா அவ? பேயி!" என்றான். மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். யாரும் குடிக்கமாட்டார்கள், இந்தக் கள் முழுதும் சாக்கடைக்குத்தான் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். ராக்கன் மீசையைத் துடைத்துக்கொண்டு குவளையை நீட்டினான். "அந்தத் தோப்புதுதான் வேணும், வேற ஊத்திடாத," என்றான். ஒரு சொட்டு மீதியில்லை. எல்லாவற்றையும் குடித்துவிட்டு, அப்படியே எழுந்து சண்முகத்தின் இழவுக்குப் போனார்கள். அங்கே போய் அந்த வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. தீட்டை மதிக்காத வீடாம்! அவள் இறக்கிய கள் வயிற்றில் இருக்க, அவள் கொடுத்த தண்ணீர் ஆகாதாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கண்ணாடிக் குழலைத் தூக்கி உடைத்திருப்பேன், கவர்மெண்டு சொத்தாயிற்றே என்று விட்டேன்.

அன்று மாலையும் ஏறினாள். மறுநாளும் ஏறினாள். தாலியைக் கழற்றிய அன்றைக்கும் ஏறினாள். நெட்டை மரங்களையும் பழகிக்கொண்டாள். காயத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, மூத்த பெண்ணை மரத்தடியில் முட்டி எடுத்துக்கொடுக்க நிறுத்திக்கொள்வாள். எப்படித்தான் இதை நடத்துகிறாள் என்று பார்க்க ஒரு நாள் காலை நானே தோப்புக்குப் போனேன். முருகையா மொட்டைத் தலையோடு மரத்தடியில் நின்று அண்ணாந்து திட்டிக்கொண்டிருந்தான். "எறங்குறியா இல்லியா? குடும்ப மானம் போவுது! அண்ணன் ஆவி மரத்தச் சுத்திக்கிட்டு இருக்கு!" மேலேயிருந்து பாளை சீவும் சர்சர் சத்தம் மட்டும் வந்தது. ஏறிப்போய் இழுத்துவரலாம் என்றால், தீட்டு முடியும் மட்டும் அவன் காலில் மாட்டி ஏறும் தளைக்கயிற்றையும் தொடக்கூடாது, மரத்தையும் தொடக்கூடாது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். அந்தத் துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. மேலே இருந்தவளுக்கும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அவள் கீழே இறங்கியதும் கேட்டேன், இப்படி உயிரை விட்டுக்கொண்டு எதற்கு என்று.

"இது நடந்தா இங்கயே இருந்துடலாங்க. புள்ளைங்க இங்கயே இருந்துடும். அவங்க ஊருன்னு சொல்றாங்க, எனக்கு அது எந்தப் பக்கம்னுகூடத் தெரியாது."

அன்றே கடைக்கு வந்து பெரிய கிராணியிடம் பேசினேன். கள் தருகிற உரிமத்தை அவள் பேருக்கு மாற்றமுடியுமா என்று கேட்டேன். அவர் வெற்றிலை எச்சிலோடு சிரித்தார். "மரத்துக்கு மேல பொம்பளைன்னு தொரைகிட்ட எழுதிக் குடுக்கச் சொல்றியா? எனக்கு வேல வேணும் தம்பி." அப்புறம் சமாதானமாகச் சொன்னார். "கொழுந்தன் இருக்கான்ல. தீட்டு கழிஞ்சதும் அவன் பேருக்கு மாத்திக் குடுத்துடலாம். குடும்பத்துக்குள்ளதான இருக்கும்." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. செல்லாயிக்கும் அப்படித்தான் பட்டிருக்கவேண்டும். கொழுந்தன் கையில் போனால் என்ன, தோப்பு தோப்புதானே என்று நினைத்திருப்பாள்.

கருமாதி முடிந்தது. முருகையா குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, கத்தியைச் சாமி முன்னால் வைத்து எடுத்துக்கொண்டு மரமேறினான். ஒரு பாளைகூடக் காய்ந்திருக்கவில்லை. எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன. டின்களோடு கடைக்கு வந்தபோது முகமெல்லாம் மலர்ச்சி. "நம்ம தோப்பு நின்னுடுச்சு கிராணி," என்றான். உரிமமும் அதோடு தோப்பும் அவன் பேருக்கு ஆயின. அன்று முதல் செல்லாயி கத்தியையோ தளைக்கயிற்றையோ தொடக்கூடாது என்று கட்டளை. பட்ட அவமானம் போதுமாம்.

அந்த மாதமே அவன் தோப்பை விற்றுவிட்டான்.

கடைக்கு வந்து சாதாரணமாகச் சொன்னான். ஏதோ மாட்டை விற்றதைச் சொல்வதுபோல. வேறு தோப்பு வைத்திருந்த ஒருவர் வாங்கிக்கொண்டாராம், நல்ல விலையாம். அந்தப் பணத்தோடு எல்லாரும் ஊருக்குக் கப்பலேறுகிறார்களாம். "சொட்டுற பாளையாச்சே, யாரு விடுவா?" என்றான். காய்ந்த தோப்பாக இருந்தால் அந்தக் காலத்தில் ஒருவரும் எட்டிப் பார்த்திருக்கமாட்டார்கள். ரப்பரே விலைபோகாத நேரம் அது. விற்கமுடியாத தோப்பை விட்டுப் போக மனசில்லாமல் இவனும் இங்கேயே கிடந்திருப்பான். அவள் ரத்தம் ஒழுக ஒழுக ஏறி ஏறிக் காப்பாற்றி வைத்ததால்தான் அது விலைக்குப் போனது. விலைக்குப் போனதால்தான் அவர்கள் கப்பலேறவேண்டி வந்தது. இதைப் புரிந்துகொண்டபோது பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். "என்ன கிராணி, நீங்களும் போட ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தான் முருகையா. அவன் கெட்டவன் என்றுகூடச் சொல்லமாட்டேன். அண்ணன் பெண்டு பிள்ளைகளை அநாதையாக விடாமல் தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறான் என்று ஊரே அவனை மெச்சியது. அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை.

கப்பல் போகிற அன்று துறைமுகத்துக்குப் போனேன். மேடையெங்கும் தகரப்பெட்டிகள், பாய்ச்சுருட்டுகள், அழுகிற கிழவர்கள். செல்லாயி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள், வெள்ளைச் சேலை, மடியில் சின்னது தூங்கிக்கொண்டிருந்தது. நான் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இன்னைக்கி சீவுனாங்களா?" என்றாள்.

"சீவினாங்க."

"முட்டிய கழுவுனாங்களா?"

"கழுவினாங்க," என்றேன். வேறு என்ன சொல்ல?

என் சட்டைப் பக்கம் முகத்தைக் கொண்டுவந்து ஒருமுறை மூச்சை இழுத்தாள். "இல்லைங்க. மண்டி வாடை அடிக்குது," என்றாள். சொல்லிவிட்டு, அதுவரை அழாதவள், புருஷன் பிணத்தை வீட்டில் போட்டுவிட்டு வந்த அன்றைக்கும் அழாதவள், அத்தனை கூட்டத்தில் வாய்விட்டு அழுதாள். குழந்தை விழித்துக்கொண்டு அதுவும் அழுதது. முருகையா வந்து, "புருசன நெனச்சு அழுவுறா," என்று எனக்கு விளக்கம் சொன்னான்.

புதிய முதலாளியின் ஆட்கள் மண்டிவிட்ட முட்டியைத்தான் கட்டினார்கள். ராக்கன் ஒரு வாரம் முணுமுணுத்தான், அப்புறம் பழகிக்கொண்டான். அந்தப் புகை வாசமுள்ள கள்ளைக் குடித்தவர்களில் இப்போது யாரும் உயிரோடு இல்லை. நான் மோந்தவன்தான் இருக்கிறேன். கடை இருந்த இடத்தில் டயர் விற்கிறார்கள். தோப்பு இருந்த இடத்தில் துறைமுகத்துச் சரக்குக் கிடங்குகள். துறைமுகத்தின் பெயரையும் மாற்றிவிட்டார்கள். லோரிகள் விடிய விடியப் போகின்றன. அங்கே தென்னை நின்றது என்று சொன்னால், "அப்படியா லா, அங்கிள்?" என்பதற்கு மேல் யாருக்கும் கேட்கத் தோன்றாது. இதெல்லாம் எங்கள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக, நாங்கள் கவனிக்காமலே போனவை. செல்லாயிக்கு மட்டும் எல்லாமே ஒரே நாளில் போனது. அவளுடைய பாளைகள் அங்கே சொட்டிக்கொண்டிருக்கும்போதே போனது.